உப்புப் போத்தல்

ஊர்காவற்துறையில் கட்டியிருக்கிற பாய்ப்படகின்
வயிற்றுக்குள் இறங்குவதென்றால்
முதுகைக் காட்டித்தான் இறங்கவேணும்.
ஐந்து படி. நிமிர்ந்தால்
தொங்குகிற வெள்ளை ரெக்சின் நெற்றியில் முட்டும்.

ஆட்டோ சீற்றுக்கு உறை தைக்கிறவள் நான்.
கூரைக்கு உடுப்புத் தைத்ததில்லை.
"சீற்றைக் கவிட்டுப் பிடிச்சால் கூரைதானே அக்கா"
என்றான் யூட்ஸ்ரன்.
அதை நம்பி முற்பணம் வாங்கிவிட்டேன்.

முதல் நாள் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன்.
எதிர்ப்பே இல்லை.
பதினான்கு வருசம் ஒட்டிக்கிடந்தது
பாலாடை மாதிரிக் கையோடு வந்தது.
பின்னால், ஒரு காலத்தில் பஞ்சாயிருந்த ஒன்று
செம்மஞ்சள் மாவாய்க் கொட்டியது
கண்ணில், கழுத்துச் சங்கிலியில்,
யூட்ஸ்ரன் பாதி தின்று வைத்த பணிஸில்.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம்.
பிறகு மண்ணெண்ணெய் போகக் குளித்தோம்.

மல்லாந்து கிடந்து சுரண்டுகிற வேலைக்கு
கூலி எப்படிக் கணக்குப் பார்ப்பது?
கை மேலே, இரத்தம் கீழே.
பத்து நிமிசத்தில் விரல்கள் வேறு யாரோ உடையவை.

சொந்தக்காரர் பிறிஸ்பேனில். பெயர் கொலின்.
பின்னேரம் தவறாமல் படம் கேட்பார்.
இன்னும் ஏன் ஒட்டவில்லை?
காற்றுக்குள் தண்ணீர், என்று எழுதினேன்.
ஈரப்பதம் எழுபத்தெட்டு,
பசை டப்பாவில் எண்பது மட்டும் போகலாமாம்,
வரைபடம் அனுப்பினார், சிவப்புக் கோடு கீறி.
நான் குசினி உப்புப் போத்தலைப் படமெடுத்து அனுப்பினேன்.
கறிக்குப் போடும்போது உதிர்ந்தால் பசை பூசலாம்.
கட்டியாய்க் கரண்டியில் குந்தினால்
அன்றைக்கு லீவு.

அவருக்காக ஒரு துண்டு ஒட்டினோம், கொண்டல் நாளில்.
பூசின பசை வெளிறிப் பால்பிடித்தது.
விடிய வந்து பார்த்தால்
கூரை அடுப்பின்மேல் படுத்திருந்தது,
காய்ச்சல்காரரைப் போல, ஒரு பக்கம் சரிந்து.

ஒன்பது நாள் சும்மா இருந்தோம்.
உறை உரிந்த படகு முழுக்கக் காது.
மேல்தட்டில் காகம் நடப்பது
நகம் நகமாய்க் கேட்கும்.
அனலைதீவுக்குப் போகிற படகு கடந்து,
சத்தம் ஓய்ந்து,
நாங்கள் அதை மறந்த பிறகு
அதன் அலை வந்து தட்டும்.

யன்னலுக்கு மேலே பென்சில் இலக்கங்கள். ஒரு அம்புக்குறி.
பிசின் காயமுன் யாரோ தொட்டுப் பார்த்திருக்கிறார்,
பெருவிரல் ஒன்று அப்படியே இறுகிக் கிடந்தது.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
பொருந்தவேணும் என்றும் இல்லை.

ஆனால் அந்த ஆளும் அடுத்த முறையை யோசிக்கவில்லை.
எல்லாம் ஒட்டு, எல்லாம் ஒரே துண்டு.
புழுக்கம் போக ஒரு விரல்கடை வழியில்லை.
அன்றிரவு எழுதினேன்:
பஞ்சு வேண்டாம். மெல்லிய பலகை ஆறு,
இரண்டு பக்கமும் பெயின்ற், மேலே ரெக்சின்,
துருப்பிடிக்காத திருகாணி,
பின்னால் காற்றுக்கு இடைவெளி.
பழுதானால் பிய்க்கவேண்டாம், கழற்றலாம்.
பஞ்சு என்றால் மெத்தென்று இருக்குமே, என்றார்.
கூரையில் யார் படுக்கப் போகிறார்கள், என்று கேட்டேன்.
நெடுநேரம் பதில் இல்லை.
பிறகு பெருவிரல் ஒன்றை அனுப்பினார், மஞ்சளாய்.

சோளகம் திரும்பியது.
மீன் குழம்புக்கு உப்பு
கேளாமலே கூடுதலாய் விழுந்தது.
கறி கெட்டது; வேலை தொடங்கியது.

நாற்பத்தெட்டுத் திருகாணி.
கடைசியை முறுக்கிவிட்டு
கட்டிலில் நீட்டி நிமிர்ந்தான் யூட்ஸ்ரன்.
புதுக்கூரை அவனைத் தொடவில்லை.
"காகம் போட்டுதோ?" என்றேன்.
"ஒண்டும் கேக்கேல்லை அக்கா."

ஏறிப் பார்த்தோம்.
அங்கேதான் நின்றது,
மூடிவைத்த பணிஸ் பையைப் பிரித்து,
ஆறுதலாய்.